வலது பக்கத்துக்கு ஆரஞ்சு பல்பு

தம்பி,

இதற்கு மேல் வாசிப்பதற்கு முன்னால், இதைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு ஒரு டீ போட்டுக் கொடு. சீனி குறைவாக. இங்கே ஜே.பி.யில் ரயில் ஏறி உன் சிகாமட் வரைக்கும் உட்கார்ந்தே வந்திருக்கிறார். முட்டி பிடித்துக்கொண்டிருக்கும், கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அவர் கையில் ஒரு காகிதப் பை இருக்கும். அதில் மூன்று பல்புகள். இரண்டு புதியவை, ஆரஞ்சு நிறம், அட்டைப் பெட்டியோடு. மூன்றாவது பழையது, என் கைக்குட்டையில் சுற்றியிருக்கும். அந்தப் பழையதை லாரியில் மாட்டித் தொலைத்துவிடாதே. அது எதற்கு என்று கடிதத்தைக் கடைசி வரை வாசித்தால் தெரியும்.

பத்துச் சக்கர லாரி, அதுவும் உன் பெயரில்! வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ போன் செய்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நீ அனுப்பிய படத்தை அடுத்த வீட்டு மலாய்க்கார மக்சிக்கிடம் ஓடிப்போய்க் காட்டினேன். "அலமாக், பெசார்!" என்று வாயில் கை வைத்துக்கொண்டார், அவ்வளவு பெரிசாம். இன்று காலை கோயிலில் அர்ச்சனைச் சீட்டு எழுதுகிறவரிடம் உன் பெயர், நட்சத்திரம் எல்லாம் சொல்லிவிட்டு, லாரியின் எண்ணையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "லாரிக்கு என்னா நட்சத்திரம்கா?" என்று கேட்டார். "பச்சைக் கலர், அத எழுதிக்கிங்க" என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்கள் பிள்ளைகள் யாரும் பத்துச் சக்கர லாரி வாங்கவில்லை.

சம்பளத்துக்கு ஓட்டியவன் இனி சொந்த லாரியில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றப் போகிறாய். திங்கட்கிழமை லாரிக்குப் பரிசோதனை, புதன்கிழமை முதல் லோடு. எல்லாம் கூடி வந்திருக்கிறது. குறுக்கே நிற்பது ஒரே ஒரு பல்பு. நீ போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில்தான் இந்தக் கடிதம் தொடங்கியது. "மா, எல்லாம் ஓகே. முன்னால ரைட் சிக்னல் மட்டும் எரியல. பழைய பல்ப கழட்டிப் படம் அனுப்பியிருக்கேன். நீங்கதான் ஸ்டோர்ல முப்பது வருஷம் இருந்தவங்களாச்சே, இதே மாதிரி ஒண்ணு வாங்கி அனுப்புங்க லா." அதோடு நிறுத்தினாயா? இல்லை. "அப்பா மாதிரி சிக்னலே போடாமத் திருப்பிக்கலாம்னு பாத்தேன், இன்ஸ்பெக்‌ஷன்ல விட மாட்டாங்களே!" என்று சிரித்தாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார், எப்போதும் போல.

நீ போனை வைத்ததும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் உன் அம்மா முப்பது வருடம் பாசிர் கூடாங்கில் ஒரு லாரிக் கம்பெனியின் ஸ்டோரில் உதிரிப்பாகம் எடுத்துக் கொடுத்தவள். பல்பு என்று வந்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்கு நிம்மதி. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

முதலில் வோல்ட். கார் பன்னிரண்டு, உன் லாரி இருபத்து நான்கு. அங்கே இரண்டு பேட்டரியைச் சேர்த்துக் கட்டியிருப்பது அழகுக்கு இல்லை. இரண்டு பல்பும் ஒரே உயரம், ஒரே கண்ணாடி, ஒரே பித்தளை அடி. அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படித்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், படிக்காமல் கார் பல்பை எடுத்து ஒரு லாரிக்காரரிடம் நீட்டிவிட்டேன். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "ஏம்மா, நான் பல்பு கேட்டேன், நீ பட்டாசு குடுத்திருக்க" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அடுத்த வருடம் அந்த லாரிக்காரரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது உன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான்.

அடுத்தது வாட். சிக்னலுக்கு இருபத்தொன்று. உள்ளே ஒரே கம்பி, அடியில் ஒரே புள்ளி. பிரேக் விளக்குக்கும் பின்விளக்குக்கும் சேர்த்து வரும் பல்பில் இரண்டு கம்பி, அடியில் இரண்டு புள்ளி இருக்கும். கடைக்காரர் பத்துக் கேள்வி கேட்கிறார் என்று சலித்துக்கொண்டாயே, கேட்கிற கடைக்காரர்தான் நல்ல கடைக்காரர். ஒன்றும் கேட்காமல் எடுத்து நீட்டுகிறவரிடம் வாங்காதே. எல்.இ.டி. போடலாமா என்றும் கேட்டிருந்தாய். எனக்கும் ஆசைதான், பளிச்சென்று இருக்கும். ஆனால் அது மிகக் குறைவாகக் கரண்ட் இழுக்கும். சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கிற ரிலே, பல்பு செத்துவிட்டது என்று எண்ணிப் படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். பிறகு ரிலேயை மாற்ற வேண்டும், வயரை வெட்ட வேண்டும். திங்கட்கிழமை பரிசோதனையை வைத்துக்கொண்டு அந்த வம்பு வேண்டாம். லாரி தொழிற்சாலையிலிருந்து எந்தப் பல்போடு வந்ததோ அதையே போடு. மாட்டுவதற்கு முன் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார். சிகாமட்டில் ஓடிய பழைய லாரி, எந்த வெள்ளத்தில் நின்றதோ! விற்ற சீன முதலாளி, அந்தத் தவுக்கே, தலையில் அடித்துச் சத்தியம் செய்திருப்பார், இருந்தாலும் பார். உள்ளே பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் நன்றாகச் சுரண்டித் துடைத்துவிட்டு மாட்டு.

இனி நிறம். நிறத்துக்குத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன். சிக்னல் ரோட்டில் ஆரஞ்சாகத் தெரிய வேண்டும். விளக்கின் மூடியே ஆரஞ்சாக இருந்தால் உள்ளே சாதாரண வெள்ளைப் பல்பு. உன்னுடையதைப் போலக் கண்ணாடி மாதிரி தெளிந்த மூடியாக இருந்தால் உள்ளே ஆரஞ்சு பல்பு. பல்பின் பித்தளை அடியில் இரண்டு பக்கமும் குட்டியாகத் துருத்திக்கொண்டிருக்கும், பார்த்திருப்பாய். நாங்கள் அதைக் காது என்போம். வெள்ளைப் பல்பின் காதுகள் இரண்டும் நேர் எதிராக இருக்கும். ஆரஞ்சு பல்பின் காதுகள் கொஞ்சம் ஒருபக்கமாகத் தள்ளி இருக்கும். ஆரஞ்சு போக வேண்டிய இடத்தில் யாரும் வெள்ளையைச் செருகிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற கெட்டிக்காரர்களை நினைத்தே செய்தது. ஆனால் நம் கெட்டிக்காரத்தனம் அதற்கும் மேலே. ஒரு காதை அரத்தால் தேய்த்துவிட்டால் வெள்ளைப் பல்பும் உள்ளே போய்விடும்.

நீ அனுப்பிய படத்தில் இருந்தது அதுதான். வெள்ளைப் பல்பு, ஒரு காது மொட்டை, அரம் ஓடிய கோடு கூடத் தெரிந்தது. உனக்கு முன்னால் அந்த லாரியை வைத்திருந்த யாரோ செய்த வேலை. நீ அதைக் காட்டி "இதே மாதிரி ஒண்ணு" என்று கேட்கிறாய். பதினான்கு வருடத்துக்கு முன்னால் என் கவுண்டரில் நின்று உன் அப்பா கேட்டதும் அதே வார்த்தை.

எங்கள் ஸ்டோரில் ஒரு விதி உண்டு. பழைய பல்பைக் கொடுத்தால்தான் புதியது. பழையதை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்து, அதைப் போலவே ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துத் தருவேன். திருட்டும் இல்லை, தவறும் வராது என்று அந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். அதில் எனக்கு ரொம்பப் பெருமை. அன்றைக்கு அப்பா ஒரு கருகிய பல்பை நீட்டி, "இதே மாதிரி ஒண்ணு குடும்மா, லோடு நிக்குது" என்றார். அந்த லாரியை அவருக்குக் கொடுத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளைப் பல்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். "உள்ள போவ மாட்டேங்குது." பழையதை மறுபடி பார்த்தேன். ஒரு காது தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். லாரியிடம் போய் மூடியைப் பார்த்திருக்கலாம், இருபது அடி தூரம்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "குடுங்க இங்க" என்று வாங்கி, ஒர்க்‌ஷாப்பில் தொங்கிய அரத்தை எடுத்து, என் கையாலேயே புதுப் பல்பின் காதைத் தேய்த்தேன். கச்சிதமாக உள்ளே போனது. "பாத்தீங்களா, இத்தன ஆம்பளைங்க இருக்குற எடத்துல கடசியில நான்தான் வர வேண்டியிருக்கு" என்று வேறு பீற்றிக்கொண்டேன். அப்பா சிக்னலைப் போட்டுப் பார்த்துவிட்டு, "வெள்ளையால்ல எரியுது?" என்றார். "பழசும் வெள்ளதானே? போங்க, லோடு நிக்குதுன்னீங்க" என்று விரட்டினேன். அவர் கேட்டார், தம்பி. அவர் கேட்டும் நான்தான் விரட்டினேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம். நல்ல மழை, தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறும் நேரம். அப்பா பெக்கான் நானாசில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் லாரியோடு வந்துகொண்டிருந்தார். சீட்டில் உனக்கென்று இரண்டு அன்னாசி. கம்பெனி ரோட்டுக்குள் வலது பக்கம் திரும்ப வேண்டும். ஹெட்லைட் எரிகிறது, சிக்னலும் எரிகிறது. ஆனால் மழையில், எதிரே வருகிறவர் கண்ணுக்கு, வெள்ளை ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் வெள்ளையாக மினுக்குவது எங்கே தெரியும்? மோட்டார் சைக்கிளில் ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தவர், லாரி நேரே போகப்போகிறது என்று நினைத்து வந்துவிட்டார். மோதியதில் அவர் கால் முறிந்தது. ஐந்து மாதம் கழித்து அதே சாலையில் அவர் வேலைக்குப் போவதைப் பார்த்து நான் கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டேன், அது வேறு. அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றுதான், லாரி சிக்னல் போடவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவும் பொய் சொல்லவில்லை. போலீசிடம் "நான் போட்டேன்" என்றார். மேனேஜரிடம் "நான் போட்டேன்" என்றார். வீட்டுக்கு வந்து, பதினைந்து வயதில் சோபாவில் உட்கார்ந்திருந்த உன்னிடமும் சொன்னார். நீ, "போட்டிருந்தா அவருக்கு ஏன்பா தெரியல?" என்று கேட்டாய். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவருடைய நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அப்போது எனக்கும் தெரியாது, அது சத்தியம். அடுத்த வாரம்தான் தெரிந்தது. அந்த லாரிக்கு முன்விளக்குச் செட் புதிதாக வந்தது. பெட்டியைப் பிரித்தால் சிக்னல் மூடிக்குள் ஆரஞ்சு பல்பு தயாராக உட்கார்ந்திருந்தது. என் விதிப்படி உடைந்த விளக்கிலிருந்த பழைய பல்பை ஒர்க்‌ஷாப் பையன்கள் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள். மூடி நொறுங்கியும் பல்புக்கு ஒரு கீறல் இல்லை. பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். வெள்ளையாக எரிந்தது. அதன் காதில் நான் தேய்த்த கோடு இருந்தது. கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து தையல் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். அப்பாவை லாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள், நானும் வேலையை இழந்தால் நீ எப்படிப் படிப்பாய் என்று முதலில் பயந்தேன். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் நீ படித்து முடித்த பிறகும் சொல்லவில்லையே, அதற்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை. அப்பா கம்பெனி வாசலில் காவலுக்கு நின்றார். தன்னோடு ஓட்டியவர்களின் லாரிகள் வரும்போதெல்லாம் தடுப்பைத் தூக்கிவிட்டு, கையைக் காட்டிவிட்டு, மறுபடி இறக்குவார். ஒருநாளும் லாரியைத் தொடவில்லை. வீட்டில் அது ஒரு கேலியாகிவிட்டது. அவர் குழாயை மூட மறந்தாலும், சாவியை மறந்தாலும், "சிக்னல் போட்டீங்களாப்பா?" என்பாய். அவர் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது.

இன்று கோயிலிலிருந்து வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை நீ சிரித்ததும் அவர் சிரித்ததும் என்னைத் தூங்க விடவில்லை. அப்பாவின் டீக்குப் பக்கத்தில் அந்தப் பழைய பல்பை வைத்து, உன் படத்தையும் போனில் திறந்து வைத்து, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொன்னேன். அவர் பல்பை எடுத்து மொட்டைக் காதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார், எழுந்து போய்விடுவார் என்று காத்திருந்தேன். கடைசியில் கேட்டார்:

"அப்ப நான் போட்டேன்ல?"

"போட்டீங்க."

"நானே போடலயோன்னு நெனச்சிட்டேன்மா. கையி சுவிட்ச்சுக்குப் போச்சா போவலயான்னு எத்தன வருஷம் யோசிச்சுப் பாத்திருக்கேன் தெரியுமா?"

நான் அழுதேன். அவர் அழவில்லை. மத்தியானம் சமைத்து வைத்ததைத் தொடவில்லை. அந்தக் கோபம் எனக்கு வேண்டியதுதான், இன்னும் எத்தனை நாள் வைத்திருந்தாலும் வாங்கிக்கொள்வேன். மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனால் இரண்டு மணிக்குத் திடீரென்று எழுந்து, "கட எத்தன மணிக்கு மூடுவான்?" என்றார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே போனார். இரண்டு ஆரஞ்சு பல்பு வாங்கி வந்தார். இடது பக்கத்துக்கும் சேர்த்து மாற்ற வேண்டுமாம், ஒரு பக்கம் புதியதும் ஒரு பக்கம் மங்கியதுமாக இருக்கக் கூடாதாம். கடையிலேயே காதுகளைத் தடவிப் பார்த்து, இருபத்து நான்கா, இருபத்தொன்றா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, அங்கேயே எரியவைத்துப் பார்த்துத்தான் வாங்கினாராம். வந்து உட்கார்ந்தவர் கேள்வி மேல் கேள்வி. சீட் காற்றில் ஏறி இறங்குமா? கியர் எத்தனை? சைடு கண்ணாடி பெரியதா? அன்றைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து லாரியைப் பற்றி இத்தனை வார்த்தைகளை நான் கேட்டதே இல்லை. இதை எழுதும்போது பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். காலர் ஒன்றையே நாலு தடவை தேய்த்துவிட்டார். இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

ஆக, தம்பி, பழைய பல்பைப் பார்த்து எதையும் வாங்காதே. மூடியைப் பார், சாக்கெட்டைப் பார், விளக்கின் பின்னால் பொறித்திருப்பதைப் படி. இதை நான் பல்புக்காக மட்டும் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும். உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்கு ஒருத்தி வந்து உன்னோடு குடும்பம் நடத்துவாள். தப்பு நடந்தால் அம்மா என்ன செய்தாள் என்று பார்த்துச் செய்யாதே. அன்றைக்கே சொல்லிவிடு. அந்தப் பழைய பல்பு இனி உன்னிடம் இருக்கட்டும். வைத்துக்கொள்வதும் தூக்கி எறிவதும் உன் இஷ்டம். நீ என்னிடம் கோபித்துக்கொள்ளலாம், போனில் கத்தலாம், நான் எடுப்பேன். அப்பாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன். பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை விடிந்ததும், பரிசோதனைக்குக் கிளம்புவதற்கு முன், புதுப் பல்பை அவரையே மாட்டச் சொல். மாட்டிவிட்டு அவர் லாரிக்கு முன்னால் போய் நிற்பார். இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பார், பார். நீ ஏறி உட்கார்ந்து வலது சிக்னலைப் போடு. டேஷ்போர்டில் மினுக்குவதை வைத்து முடிவு கட்டாதே, முன்னால் என்ன தெரிகிறது என்பது முன்னால் நிற்பவருக்குத்தான் தெரியும். தலையை வெளியே நீட்டி, "எரியுதாப்பா?" என்று கேள். அவர் எரியுது என்றால், நீ இறங்கி வந்து பார்க்காதே.

அம்மா